வேக்பீல்டைற்று: கல்லோடு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். என் வீட்டு விறாந்தையில் ஒரு பழைய பிஸ்கற் பேணி இருக்கிறது. அதற்குள் கற்கள்தான். ஓமந்தைப் பக்கம் கிணறு வெட்டும்போது கிடைத்தது, கொக்கிளாய்க் கரையில் அள்ளியது, மடுவுக்குப் போன வழியில் பொறுக்கியது என்று பிள்ளைகள் கொண்டுவந்து போட்டவை. அண்மையில் ஒரு மாணவி கல்லுக்குப் பதிலாகக் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். ஒட்டாவாவில் இருக்கும் அவளுடைய மாமா அனுப்பியது. கல்லின் ஒரு பக்கத்தில் மஞ்சள் மாவைத் தடவிவிட்டதைப் போல ஒரு படிவு. கீழே வேக்பீல்டைற்று என்று பெயர். அன்று வகுப்பில் தொடங்கிய கேள்விகள் வெளியிலும் பரவிவிட்டன. ஒரே பதிலைப் பலமுறை சொல்லி வாய் வலிப்பதைவிட எழுதிவைப்பது நல்லது என்று இதை எழுதுகிறேன்.

வேக்பீல்டைற்று என்றால் என்ன?

அருமண் மூலகம் (யிற்றியம், சீரியம், இலந்தனம் போன்ற உலோகங்களின் கூட்டம்) ஒன்றும் வனேடியம் என்ற உலோகமும் ஒட்சிசனும் சேர்ந்த ஒரு கனியம். முதலில் அறியப்பட்ட வகையில் அந்த அருமண் மூலகம் யிற்றியம். ஒரு யிற்றிய அணுவுக்கு ஒரு வனேடிய அணு, நான்கு ஒட்சிசன் அணுக்கள் என்பது கணக்கு.

வனேடேற்று என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். வயலுக்கு உரம் வாங்கும்போது பையில் பொஸ்பேற்று என்று படிக்கிறீர்கள். பொசுபரசைச் சுற்றி நான்கு ஒட்சிசன் நின்றால் பொஸ்பேற்று. அந்த நடு இடத்தில் வனேடியம் உட்கார்ந்தால் வனேடேற்று. வேக்பீல்டைற்றை யிற்றியம் வனேடேற்று என்றும் சொல்லலாம்.

எங்கே, யார் கண்டுபிடித்தார்கள்?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஒட்டாவா நகரத்துக்கு வடக்கே, எவன்ஸ் லூ என்றொரு சுரங்கம் இருந்தது. தங்கச் சுரங்கம் அல்ல. பெல்ட்ஸ்பார், குவாற்சு ஆகிய வெள்ளைக் கற்களை எடுப்பதற்காகத் தோண்டிய இடம். அங்கே கிடைத்த மாவு போன்ற ஒரு படிவை ஆராய்ந்து, இது இதுவரை பெயரிடப்படாத கனியம் என்று 1971இல் மைல்ஸ், ஹோகார்த், ரசல் ஆகிய மூவர் வெளியிட்டார்கள். அருகிலிருந்த வேக்பீல்ட் ஏரியின் பெயரையே கனியத்துக்கும் வைத்தார்கள்.

அந்தச் சுரங்கம் தோண்டியது பெக்மற்றைற்றுப் பாறையில். உருகிய பாறைக்குழம்பு ஆறி இறுகும்போது எந்தக் கனியத்துக்குள்ளும் இலகுவில் நுழைய முடியாத மூலகங்கள் கடைசிவரை மிஞ்சி நிற்கும். பந்தி முடிந்த பிறகு கிடாரத்தின் அடியில் மிஞ்சுகிற மாதிரி. அந்த அடிக்குழம்பு இறுகுவதே பெக்மற்றைற்று. அதனால்தான் அருமண் மூலகங்களைத் தேடுகிறவர்கள் அந்தப் பாறையைக் கண்டால் நின்று பார்ப்பார்கள்.

மாவு போல இருக்கிற ஒன்றை எப்படிப் புதிய கனியம் என்று சொன்னார்கள்?

கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. மஞ்சள், வெள்ளை, வெளிறிய பழுப்பு மாப் படிவுகள் உலகத்தில் ஆயிரம் உண்டு. நம் குளக்கட்டில் காய்ந்த களிமண்ணும் அப்படித்தான் தெரியும்.

எக்ஸ் கதிரைப் பொடியின் மேல் பாய்ச்சினால் உள்ளே அணுக்கள் அடுக்கியிருக்கும் ஒழுங்குக்கு ஏற்ப அது குறிப்பிட்ட கோணங்களில் சிதறும். ஒவ்வொரு பளிங்குக்கும் அந்தக் கோணங்கள் கைரேகை போன்றவை. பெரிய அழகான பளிங்கு தேவையில்லை, ஒரு சிட்டிகைப் பொடி போதும். அதோடு, யிற்றியம் வனேடேற்றை ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே செய்திருந்தார்கள். அதன் கோலமும் தெரிந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் இயற்கையில் கிடைப்பதற்கு முன்பே மனிதன் அதைச் செய்துவிட்டானா?

ஆம். எனக்கு இந்தக் கனியத்தின் மேல் ஆசை வந்ததே இந்த இடத்தில்தான். 1964இல் லெவின், பலில்லா என்ற இருவர் அமெரிக்காவில் யிற்றியம் வனேடேற்றுக்குள் யூரோப்பியம் என்ற இன்னொரு அருமண் மூலகத்தைச் சிறிதளவு கலந்து, இலத்திரன் கற்றை படும்போது பளிச்சென்ற சிவப்பை உமிழும் ஒரு பொருளைக் காட்டினார்கள். அதுவரை நிறத் தொலைக்காட்சியில் பச்சையும் நீலமும் நன்றாக இருந்தன. சிவப்பு மட்டும் சோகை பிடித்ததாக இருந்தது. அதற்கு ஈடு கொடுக்க மற்ற இரண்டையும் மங்க வைக்க வேண்டியிருந்தது. யூரோப்பியம் வந்ததும் அந்தக் கட்டுப்பாடு போயிற்று. அப்போதும் இதே சேர்வை கியூபெக்கில் ஒரு கல்லின் மேல் பெயரில்லாமல் படிந்துதான் கிடந்தது. அதற்குப் பெயர் வைக்க இன்னும் ஏழு ஆண்டுகள் ஆயின.

எண்பதுகளில் நம் ஊர்களில் தொலைக்காட்சியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் பிடித்து, விடிய விடியப் படம் ஓட்டியது ஞாபகம் இருக்கும். அந்தச் சிவப்பும் வனேடேற்றா என்று ஒருவர் கேட்டார். பெரும்பாலும் இல்லை. அதற்குள் யிற்றியம் ஒட்சிசல்பைட்டு என்ற இன்னொரு பொருள் வனேடேற்றின் இடத்தைப் பிடித்துவிட்டது. ஒளிர்ந்தது அதிலும் யூரோப்பியம்தான். அது குடியிருந்த வீடு மட்டும் மாறியது.

வேக்பீல்டைற்றில் எத்தனை வகை?

நான்கு. யிற்றியம் கூடுதலாக இருப்பது கனடாவில் கண்டது. சீரியம் கூடுதலாக இருப்பது கொங்கோவில், கின்ஷாசாவுக்குத் தொலைவில் இல்லாத கூசு என்ற இடத்தில் கிடைத்தது. கறுப்பு நிறம், ஈயமும் கலந்தது. 1977இல் அதற்குக் கூசுவைற்று என்றே பெயர் வைத்தார்கள். பிறகு, அணுக்களின் அடுக்கு ஒன்றாக இருந்து அருமண் மூலகம் மட்டும் மாறினால் தனிப்பெயர் வேண்டாம், பொதுப்பெயரின் பின்னால் மூலகத்தின் குறியீட்டைச் சேர்த்தால் போதும் என்ற வழக்கத்தின்படி கூசுவின் பெயர் அழிந்து சீரிய வேக்பீல்டைற்று ஆகிவிட்டது. 1966இல் லெவின்சன் என்பவர் முன்வைத்த வழக்கம் அது. ஒழுங்குக்கு நல்லது, கூசு ஊர்க்காரர்களைக் கேட்டால் என்ன சொல்வார்களோ.

இலந்தனம் கூடுதலாக இருப்பது ஜெர்மனியின் தூரிங்கியாவில், பிரீட்ரிக்றோடா அருகே ஒரு பழைய மங்கனீசுச் சுரங்கத்தில் கிடைத்தது, 2008இல் விவரிக்கப்பட்டது. நியோடிமியம் கூடுதலாக இருப்பது யப்பானின் கோச்சி மாகாணத்தில், இரும்பும் மங்கனீசும் அடுக்கடுக்காகப் படிந்த அரசே என்ற இடத்தில் கிடைத்தது. கேரளத்துக் கொச்சியோடு இதைக் குழப்ப வேண்டாம்.

இவற்றில் இலந்தன வகை ஒரு சிறிய புதிர். ஆய்வுகூடத்தில் இலந்தனம் வனேடேற்றைச் சூடாக்கிச் செய்தால் அது மொனசைற்று என்ற அருமண் பொஸ்பேற்றுக் கனியத்தின் அடுக்கையே விரும்பும். இலந்தனம் அருமண் மூலகங்களில் பருமனானது. வேக்பீல்டைற்றின் அடுக்கு அதற்குச் சற்று இறுக்கம். ஆனாலும் தூரிங்கியாவில் அது அந்த இறுக்கமான அடுக்கிலேயே பளிங்காகியிருக்கிறது.

அடுக்கு, அடுக்கு என்கிறீர்களே, அது எப்படிப்பட்டது?

உயர்தரக்காரர்கள் இந்தப் பதிலை ஆறுதலாகப் படியுங்கள். மற்றவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

வேக்பீல்டைற்று நாற்கோணத் தொகுதியைச் சேர்ந்தது. அலகுக் கூட்டின் அடிப்பக்கம் சுமார் 0.712 நனோமீற்றர், உயரம் 0.629 நனோமீற்றர். வனேடியத்தைச் சுற்றி நான்கு ஒட்சிசன்கள் நான்முகியாக நிற்கும். யிற்றியத்தைச் சுற்றி எட்டு ஒட்சிசன்கள். இரண்டும் மாறி மாறி, விளிம்போடு விளிம்பு ஒட்டி, செங்குத்தான சங்கிலிகளாகப் போகும்.

இதே அடுக்கு உங்கள் காலடியிலும் இருக்கிறது. கொக்கிளாயிலிருந்து புல்மோட்டை வரை கரையில் கிடக்கும் கறுப்பு மணலில் தைற்றேனியக் கனியங்களான இல்மனைற்று, றூற்றைல் ஆகியவற்றோடு சிர்க்கோன் என்ற கனியமும் உண்டு. சிர்க்கோன் என்பது சிர்க்கோனியம் சிலிக்கேற்று. வேக்பீல்டைற்று, யிற்றியம் பொஸ்பேற்றான செனோடைம், சிர்க்கோன் மூன்றுக்கும் அடுக்கு ஒன்றுதான்.

மூலகங்கள் வேறுவேறாக இருக்க அடுக்கு எப்படி ஒன்றாகும்? ஏற்றத்தைக் கூட்டிப் பாருங்கள். சிர்க்கோனில் சிர்க்கோனியத்துக்கு நான்கு, சிலிக்கனுக்கு நான்கு, மொத்தம் எட்டு. வேக்பீல்டைற்றில் யிற்றியத்துக்கு மூன்று, வனேடியத்துக்கு ஐந்து, அதுவும் எட்டு. நான்கு ஒட்சிசன்களும் எதிரே எட்டை வைத்திருக்கின்றன. கணக்குச் சரி. பருமனும் ஏறக்குறையப் பொருந்தினால் வீட்டின் கட்டமைப்பை மாற்றத் தேவையில்லை, குடியிருப்பவர்கள் மாறினால் போதும்.

வனேடியத்தின் கதை என்ன?

ஒருவர் கண்டுபிடித்துக் கைவிட்டு, இன்னொருவர் மறுபடி கண்டுபிடித்த மூலகம் அது. 1801இல் மெக்சிகோவில் அந்திரேஸ் மனுவேல் டெல் றியோ என்ற பேராசிரியர், சிமாப்பான் என்ற இடத்தின் பழுப்பு ஈயக் கல்லில் ஒரு புதிய மூலகத்தைக் கண்டார். அதன் சேர்வைகள் பல நிறம் காட்டியதால் முதலில் பன்குரோமியம் என்றார். சூடாக்கினால் சிவந்ததைப் பார்த்து எரித்ரோனியம் என்று மாற்றினார். மாதிரி பாரிசுக்குப் போயிற்று. அங்கே 1805இல் கொலே டெக்கோத்தில் என்ற இரசாயனவியலாளர், இது புதியதல்ல, குரோமியம்தான் என்று தீர்ப்புச் சொன்னார். டெல் றியோ அதை நம்பித் தம் கூற்றை விலக்கிக்கொண்டார்.

1830இல் சுவீடனில் செப்ஸ்ட்ரோம் அதே மூலகத்தை ஓர் இரும்பில் கண்டு, வனாடிஸ் என்ற வடநாட்டுத் தெய்வத்தின் பெயரை வைத்தார். சிறிது காலத்தில் வோலர் என்ற ஜெர்மானியர் மெக்சிகோக் கல்லை மறுபடி ஆராய்ந்து, இரண்டும் ஒன்றே என்று காட்டினார். டெல் றியோ அப்போது உயிரோடு இருந்தார். பெயர் மட்டும் அவர் வைத்ததாகத் திரும்பவில்லை.

அந்த நிறங்களை வகுப்பில் காட்டலாம். அமோனியம் வனேடேற்றை ஐதான சல்பூரிக்கமிலத்தில் கரைத்தால் வெளிறிய மஞ்சள். நாகத்தூளைப் போட்டுக் குலுக்குங்கள். மஞ்சளும் நீலமும் கலந்த பச்சை வந்து, பிறகு தெளிந்த நீலம், அதன் பின் இன்னொரு பச்சை, கடைசியில் ஊதா. ஏற்றம் ஐந்திலிருந்து நான்கு, மூன்று, இரண்டு என்று ஒவ்வொரு படியாக இறங்குகிறது. முதல் பச்சையையும் இரண்டாம் பச்சையையும் ஒன்றென்று எழுதுகிற பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். முதலாவது வெறும் கலவை. இரண்டாவதுதான் மூன்றாம் ஏற்ற வனேடியத்தின் சொந்த நிறம். ஊதா வந்ததும் குழாயைத் திறந்து வைத்தால் காற்றுப் பட்டு மீண்டும் மாறத் தொடங்கும். ஆகவே பின்வாங்கில் இருப்பவர்களை முதலில் கூப்பிட்டுக் காட்டிவிடுவேன்.

அருமண் என்கிறார்கள், அவ்வளவு அருமையா?

பெயர் பழையது, பொருத்தம் குறைவு. சீரியம் புவியோட்டில் ஏறக்குறையச் செம்பு அளவுக்கு இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் குவிந்து கிடைப்பது குறைவு. கிடைத்தாலும் இந்த மூலகங்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரியாது. சுவீடனின் இட்டர்பி என்ற சிற்றூரில் 1787இல் எடுத்த ஒரு கறுப்புக் கல்லை 1794இல் கடோலின் என்ற இரசாயனவியலாளர் ஆராய்ந்து ஒரு புதிய மண்ணைக் கண்டார். மண் என்று அக்காலத்தில் சொன்னது உலோக ஒட்சைட்டை. அதுவே ஒரு மூலகத்தின் மண் அல்ல, பலவற்றின் கலவை என்று பிரித்தெடுக்கப் பல பத்தாண்டுகள் சென்றன. யிற்றியம், தேர்பியம், ஏர்பியம், இற்றேர்பியம் என்று நான்கு மூலகங்கள் அந்த ஓர் ஊரின் பெயரிலிருந்தே வந்தவை.

இதனால் இன்றைக்கு என்ன பயன்?

கியூபெக்கில் கிடைத்த மாவினால் எந்தப் பயனும் இல்லை, அவ்வளவு சொற்பம். பயன்படுவது உலையில் வளர்த்த செயற்கைப் பளிங்கு. யிற்றியம் வனேடேற்று 1800 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும். அந்த உருகலில் ஒரு வித்துப் பளிங்கைத் தொட்டு, சுழற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுத்து வளர்ப்பார்கள்.

அதில் நியோடிமியத்தைக் கலந்தால் லேசர் பளிங்கு. சந்தையில் விற்கும் பச்சை லேசர் ரோச்சுகள் பலவற்றின் உள்ளே அரிசிமணியிலும் சிறிய துண்டாக இருப்பது அதுதான். 808 நனோமீற்றர் அகச்சிவப்பு உள்ளே போகும். நியோடிமியம் அதை 1064 நனோமீற்றராகத் தரும். அடுத்துள்ள இன்னொரு பளிங்கு அலைநீளத்தைப் பாதியாக்கி 532 ஆக்கும். அந்த 532தான் நாம் காணும் பச்சை. மலிவான ரோச்சுகளில் அகச்சிவப்பை மறிக்கும் வடிகட்டி இல்லாமல் போகலாம். பச்சையைக் கண்டால் கண் சிமிட்டும். அகச்சிவப்பைக் கண் காணாது, சிமிட்டவும் செய்யாது. விழித்திரை மட்டும் வேகும். கோயில் திருவிழாவில் பிள்ளைகள் ஒருவர் முகத்தில் ஒருவர் அடித்து விளையாடுவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

வன்னியில் வேக்பீல்டைற்று கிடைக்குமா?

நான்கு வகைகளும் முதலில் கண்ட நான்கு இடங்களில் ஒன்றும் இலங்கையில் இல்லை. பிஸ்கற் பேணியிலிருக்கும் மஞ்சள் படிந்த கல் எதையும் வேக்பீல்டைற்று என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் அது இரும்புக் கறைதான்.

ஆனாலும் வன்னிக்குப் புவிச்சரிதத்தில் ஒரு தனி இடம் உண்டு. இலங்கையின் மிகப் பழைய பாறைகளைப் பிரிக்கும்போது புவியியலாளர்கள் அவற்றில் ஒரு பெரும் பகுதிக்கு வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி ஆகியவை மற்றப் பெரும் பகுதிகள். வவுனியாவில் கல்லுடைக்கும் இடங்களில் காணும் வரிவரியான கருங்கல், பூமியின் ஆழத்தில் வெந்து அமுங்கி உருமாறி மேலே வந்தது. அந்தக் கல்லை ஊடறுத்து வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் ஓடும் பருக்கை நரம்புகளைப் பார்த்திருப்பீர்கள். பெக்மற்றைற்று அப்படித்தான் இருக்கும்.

வீட்டில் செய்து பார்க்கக்கூடியது ஏதும் உண்டா?

கறுப்பு மணல் ஒரு கைப்பிடி, வெள்ளைத் தாள், பழுதான கணினியின் வன்தட்டிலிருந்து கழற்றிய காந்தம். மணலை நன்றாக வெயிலில் காயவிட்டுத் தாளில் மெல்லப் பரப்புங்கள். காந்தத்தைச் சொப்பிங் பையால் சுற்றாமல் வைத்தால் பிறகு மணலை அதிலிருந்து பிடுங்க முடியாது, அனுபவத்தில் சொல்கிறேன். காந்தத்தை மேலே நகர்த்தினால் இல்மனைற்றுத் துகள்கள் துள்ளி ஒட்டும். பழைய ஒலிபெருக்கிக் காந்தத்துக்கு இல்மனைற்று அவ்வளவாக மசியாது. வன்தட்டுக் காந்தத்தின் பலம் நியோடிமியத்தால் வந்தது. யப்பானிய வேக்பீல்டைற்றில் கூடுதலாக இருக்கும் அதே மூலகம்.

ஒட்டாமல் தாளில் தங்கியதைக் கைவில்லையால் பாருங்கள். செந்நிறமாகத் தெரிவது பெரும்பாலும் றூற்றைல். கண்ணாடி போல நிறமற்றவற்றில் குவாற்சும் சிர்க்கோனும் கலந்திருக்கும். தாளைச் சாய்த்து மெதுவாகத் தட்டினால் பாரம் குறைந்த குவாற்சு முன்னே ஓடும். குவாற்சின் அடர்த்தி நீரைப்போல 2.65 மடங்கு, சிர்க்கோனுடையது 4.6 மடங்குக்குக் குறையாது. பின்தங்கி நிற்கும் அந்த நாலைந்து மணிகளுக்குள் இருப்பது வேக்பீல்டைற்றின் அடுக்கு.

வேக்பீல்டைற்றின் அடர்த்தியும் கடினமும்?

அடர்த்தி ஏறக்குறைய 4.2. கடினம் மோவின் அளவில் 5 அளவு. நல்ல கத்தி கீறும்.

கதிரியக்கம் உண்டா?

யிற்றியம் வனேடேற்றுக்கு அதன் இயல்பில் இல்லை. கறுப்பு மணலிலுள்ள மொனசைற்றில் தோரியம் இருப்பதால் அதற்கு உண்டு. கதிரியக்கக் கனியத்தில் நமக்கு ஒரு பெயரும் உண்டு. கலை வரலாற்றாளராக உலகம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி, 1903இலிருந்து 1906 வரை இலங்கையின் கனியவியல் அளவைக்குப் பொறுப்பாக இருந்தார். சபரகமுவப் பக்கத்தில் கிடைத்த பாரமான கறுப்புக் கனசதுரப் பளிங்குகளை முதலில் யுரேனியக் கனியம் என்று எண்ணினார்கள். ஆராய்ந்தபோது பெரும்பகுதி தோரியம் என்று தெரிந்து, 1904இல் தோரியனைற்று என்று பெயராயிற்று.

கல் தேடிக் காட்டுக்குள் போகலாமா?

வேண்டாம். மிதிவெடி அகற்றி முடித்ததாக அறிவிக்காத இடத்தில் ஒரு கல்லுக்காகக் கால் வைக்காதீர்கள். மண்டையோட்டுப் பலகை விழுந்து கிடந்தாலும் அது பலகைதான். துருப்பிடித்த எதையும் கல் என்று நினைத்துத் தட்டிப் பார்க்கவும் வேண்டாம். அனுமதியில்லாமல் கனியம் தோண்டுவது சட்டப்படியும் குற்றம். அனுமதி தருவது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். ஒரு கைப்பிடி மணலில் செய்யும் பரிசோதனை வேறு, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவது வேறு.

"சேர், இந்தக் கல் விலைபோகுமா?"

போகாது. இதுவரை கொண்டுவந்த எதுவும் போகாது.

ஒரு கனியத்துக்கு நம் ஊரின் பெயர் வருமா?

வரலாம். இட்டர்பியும் கூசுவும் பெரிய பட்டணங்கள் அல்ல. இரசாயன அமைப்பையும் பளிங்கு அடுக்கையும் காட்ட வேண்டும், மாதிரியை ஓர் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்க வேண்டும், சர்வதேசக் கனியவியல் சங்கத்தின் ஆணைக்குழு வாக்களித்து ஏற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், கல் எங்கே கிடைத்தது என்று திருத்தமாகத் தெரிய வேண்டும்.

இதைக் கேட்டவள் அந்த ஒட்டாவா மாமாவின் மருமகள். பதில் சொல்லிவிட்டுப் பேணியைத் திறந்து அவளிடம் கொடுத்தேன். முப்பத்தொரு கற்கள் இருந்தன. நான்கில் மட்டும் இடம் எழுதிய துண்டு ஒட்டியிருந்தது; அதிலும் ஒன்றில் 'கிணற்றடி' என்று மட்டும். யாருடைய கிணறு என்று அவள் இப்போது வகுப்பில் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.